தாய்மொழி என்ற கட்டத்தில் சுபத்ரா எழுதியது

சுபத்ரா போய்விட்டாள். இன்று காலை, திருப்பதியில். அவள் மகன் போன் செய்தான்... வயது எண்பத்தாறு, என்னைவிட நான்கு மாதம் பெரியவள்.

இதைப் படிக்கிற பழைய மாணவிகளுக்கு அவள் சமஸ்கிருத மேடம். எனக்கு, அறுபது வருடத்துக்கும் மேலாக முழுதாக நம்ப முடியாமல் போன ஒரே சிநேகிதி.

சித்தூரில் பி.ஏ. சேர்ந்து படித்தோம். நான் நகரிப் பக்கத்துத் தமிழ்ப் பெண், அவள் திருப்பதித் தெலுங்குப் பெண். ஹாஸ்டலில் ஒரே ரூம்.

ஆந்திரா தனியாகி சில வருடங்களே ஆகியிருந்தன. எங்கள் ஊர் இந்தப் பக்கமா, மெட்ராஸ் பக்கமா என்று யாருக்கும் தெரியாத காலம். வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று யாராவது வந்து கேட்டால்கூட, எதற்குக் கேட்கிறார்கள் என்று பயந்துதான் பதில் சொல்வார்கள்.

எம்.ஏ. என்ன படிப்பது? மெட்ராசில் தமிழா, திருப்பதியில் சமஸ்கிருதமா... எனக்கு இரண்டும் பிடிக்கும். ராத்தூக்கம் போயிற்று.

“சமஸ்கிருதம் எடு கனகா. அது எந்த ஊர்க்காரங்க பாஷையும் இல்ல. உங்க ஊர் எந்தப் பக்கம் போனாலும் உனக்கு வேலை இருக்கும்” என்றாள் சுபத்ரா.

நல்ல யோசனைதான். ஆனால் சமஸ்கிருதத்தில் நான் ஃபர்ஸ்ட், அவள் செகண்ட். அவளும் அதற்கேதான் அப்ளை செய்கிறாள். தனக்குப் போட்டியாக என்னை எதற்குக் கூப்பிடுகிறாள்?

அன்றைக்கே ஒரு முள் விழுந்துவிட்டது.

இருந்தும் யோசித்துப் பார்த்து சமஸ்கிருதத்துக்கே அப்ளிகேஷன் நிரப்பினேன். அவள் வீடு திருப்பதியில் என்பதால், ஆபீசில் தானே கொடுத்துவிடுவதாக வாங்கிக்கொண்டாள். நான் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டேன்.

இன்டர்வியூவில் மூன்று பேர். நடுவில் இருந்த பெரியவர் என் ஃபாரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “மீ மாத்ருபாஷ தெலுகேனா அம்மா?”

எட்டிப் பார்த்தேன். தாய்மொழிக் கட்டத்தில் நான் எழுதிய ‘தமிழ்’ மேல் ஒரு கோடு. பக்கத்தில் இங்கிலீஷில் ‘தெலுகு’. அந்த ஜி எழுத்தின் வால் தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது... அப்படி எழுதுகிறவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. வாய் வரவில்லை.

“லேது சார். தமிழ்.”

“இதெவரு ராசாரு?” யார் எழுதியது என்று கேட்கிறார்.

“தெரியாது சார்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெரியவர் தன் பேனாவை நீட்டி, அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

சீட் கிடைத்தது. அவளுக்கும் கிடைத்தது.

பொய்த் தகவல் கொடுத்தேன் என்று என்னைத் துரத்திவிடட்டும் என்றுதான் அப்படி எழுதினாள் என்று முடிவு கட்டினேன். ஆறு பேர் கிளாசில் இரண்டு வருடம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் ஒன்றும் விளக்கவில்லை... அது இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது.

விதியைப் பாருங்கள், இருவருக்கும் வேலை ஒரே காலேஜில். அடுத்தடுத்த நாற்காலி. எங்கள் ஊரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது.

அவள் கைப்பட்டு வரும் எந்தப் பேப்பரையும் இரண்டு தடவை படிப்பேன். மார்க் லிஸ்டோ லீவ் லெட்டரோ, எதுவானாலும். அவளுக்கும் தெரியும். “செக் பண்ணிக்கோ” என்று சொல்லித்தான் நீட்டுவாள்.

என் நைனா இறந்து பதினாறாம் நாள், பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வந்தாள். கிணற்றடியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“உங்க நைனாதான் எழுதச் சொன்னார் கனகா. எங்க வீட்டுக்கே வந்தார். ‘ஊரு இந்தப் பக்கம்தான் நிக்கும்போல கீது. அரவம்னு எழுதிக்கினு போனா எம் பொண்ணுக்கு சீட்டு தரமாட்டாங்க, நீயே மாத்திடு தாயி’ன்னார். அவர் இருக்கிறவரைக்கும் உன்கிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கினார்.”

தெலுங்கில் தமிழை அரவம் என்பார்கள். நைனா போன பிறகு சொல்கிறாளே... இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

அவள் போனதும் அம்மாவைக் கேட்டேன். நான் எம்.ஏ. சேர்ந்த வருஷம் நைனா திருப்பதிக்குப் போனாரா?

“ஒருநாளு போய்க்கினு வந்தாரு. எதுக்குன்னு நான் கேக்கல. லட்டு வாங்கியாந்தாரு, துன்னோம்.”

“எந்த மாசம்மா?”

“மாசமெல்லாம் எவளுக்குடி ஞாபகம்?”

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த சாட்சி. லட்டு வாங்கத் திருப்பதி போகாதவர் யார்?

ஆனால் ஒன்று. அந்த ‘அரவம்’ என்ற வார்த்தை... சந்தையில் தெலுங்குக்காரர்களிடம் பேசும்போது நைனா அப்படித்தான் சொல்வார். அவர் சொல்லிக் கேட்காமல் அவளுக்குத் தெரிந்திருக்குமா? திருப்பதியில் பிறந்தவளுக்குத் தெரியாத வார்த்தையா அது?

இப்படியே இரண்டு பக்கமும் யோசித்துத்தான் என் வயசு போனது.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கை குச்சியாகிவிட்டிருந்தது. ஆனால் கண் அப்படியே இருந்தது.

“ஏமே, இன்னும் என்மேல அனுமானமா?” என்றாள். சந்தேகத்துக்கு அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. “கொஞ்சம் இருக்கு” என்றேன்.

சத்தமாகச் சிரித்தாள், நர்ஸ் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. “நல்லது. அப்ப கேக்கறதுக்காவது இன்னொரு தரம் வருவே.”

சனிக்கிழமை வருவதாகச் சொன்னேன். முழங்கால் வலி... போகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை.

ஒன்பதரை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன், சுபத்ரா. இந்தத் தரம் ஒன்றும் கேட்கமாட்டேன்.