மூன்றாம் ஓலைக்கு ஷீலா டீச்சர் சொன்ன தடை

காரைக்குடியில் ஆரோக்கிய ஷீலாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. ஊருக்கே அவள் ஷீலா டீச்சர். தேவகோட்டைப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ்ஸில் நின்றே போய் நின்றே வந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. தூக்கம் போயிற்று. வாய் மட்டும் போகவில்லை. ஒன்று சொன்னால் ஒன்பதாகத் திருப்பிக் கொடுப்பாள்.

அந்த இடுப்புக்குத்தான் மரிய ஜெரால்டு மருந்து சொன்னான். சித்தப்பா மகன், செல்போன் கடைக்காரன், தாயில்லாமல் இவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன். கஞ்சா இனத்துச் செடியில் செய்த ஹெம்ப் மிட்டாயைப் பெங்களூரிலிருந்து வரவழைத்து, தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்றுக்கொண்டிருந்தான்.

"இது தப்பில்லையாடா?" என்று ஷீலா வாட்ஸ்அப்பில் கேட்டாள். குரல் பதிவாகவே பதில் வந்தது.

"அட என்னக்கா, கஞ்சாச் செடின்னதும் பயப்படுறீக! ஆன்லைன்ல பில்லுப் போட்டு விக்கிறாக, தப்புன்னா விடுவாகளா? நாந்தேன் வாங்கி விக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு? பார்சல் மட்டும் ஒங்க பேருல, ஒங்க வீட்டுக்கு வரட்டும்."

தம்பி வீட்டுப் பார்சல் அக்காள் வீட்டில் இறங்குவது நம் ஊரில் நடக்காத காரியமா? சரி என்றுவிட்டாள்.

ஒருநாள் பார்சலோடு போலீசும் வந்தது. மிட்டாயில் டி.எச்.சி. என்கிற கஞ்சாப் போதைச் சத்து இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. பில் இருந்தால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளுமா? ஜெரால்டை விசாரித்தபோது, "அவுக வாங்குறது எனக்கு எப்பிடி சார் தெரியும்?" என்று ஒரே போடாகப் போட்டான். உண்ட வீட்டுக்கு இரண்டகம். ஷீலா ஜாமீனில் வந்தாள். பள்ளிக்கூடம் அவளைச் சஸ்பெண்ட் செய்தது.

வக்கீல் முத்தரசு தலையில் அடித்துக்கொண்டார். "டீச்சர், என்னன்னே தெரியாம வந்த பார்சல்னு வாதாடலாம், வேலை தப்பிச்சிரும். அந்தக் குரல் பதிவை மட்டும் வெளிய விட்றாதீக. அவன் மாட்டுவான், சரி. ஆனா நீங்க தெரிஞ்சே வாங்குனீகன்னு அதுலயே இருக்கு. விக்கிறது மட்டுமில்ல, வாங்குறதும் குத்தந்தேன்."

வேலையை நினைத்து ஷீலா வாயை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் ஜெரால்டுக்கும் அருள்சாமியின் மகள் ஜெசிக்கும் கல்யாணம் என்று மாதா கோயிலில் அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம். இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வரும்போது ஜெரால்டு தன் கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரித்தது ஷீலாவின் காதில் விழுந்தது.

"வழி விடுங்கடா, கஞ்சா டீச்சர் வாராக."

தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்வார்கள் என்று பழமொழி கேலி பேசும். பேசட்டும். ஷீலா அறுத்துக்கொள்ளத் துணிந்துவிட்டாள்.

மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே சாமியார் அறைக்குப் போனாள். அருள்சாமியும் ஜெசியும் மாப்பிள்ளையோடு அங்கேதான் இருந்தார்கள். மேசையில் போனை வைத்துக் குரல் பதிவை ஓடவிட்டாள். ஜெரால்டின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

அருள்சாமி எழுந்தார். "ஜெசி, வாம்மா வீட்டுக்கு."

ஜெசி மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அப்பா பின்னால் போனாள். ஷீலாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே குளிர்ந்தது.

ஜெரால்டு ஷீலா பக்கம் திரும்பினான். "அக்கா, இது போலீசு கையில போனா ஒங்க வேலையும் போயிரும். நீங்களும் உள்ள போவீக, தெரியுமா?"

"தெரியும்டா," என்றாள் ஷீலா. "காலையில ஸ்டேஷன்ல குடுத்துட்டுத்தேன் பூசைக்கே வந்தேன்."