கேக் மாஸ்டரின் முழங்கால் பொடி

அந்த பேக்கரியின் கேக் மாஸ்டருக்குச் சர்க்கரை நோய். க்ரீமை நாக்கில் வைத்துப் பார்ப்பதை அவர் எப்போதோ விட்டுவிட்டார்; கரண்டியிலிருந்து அது வழிவதைப் பார்த்தே பதம் சொல்வார். ஆனாலும் சில மாதங்களாகச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. சூடான தட்டு விழுந்த கால் கட்டைவிரல் ஆறவில்லை. முகம் வேறு உருண்டு வந்தது. திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று ஊரே முடிவுகட்டியது.

"மாவுதான் உப்பும்னு நெனச்சேன். மாஸ்டரும் உப்புறாரே," என்றான் அடுப்புக்காரன். அன்றிலிருந்து அவர் பெயர் 'ஈஸ்ட்'.

மனைவி சிரிக்கவில்லை. மாலையில் அவர் செருப்பைக் கழற்றியதும் வாயருகே மூக்கைக் கொண்டுவருவாள்.

"ஊதுங்க."

"நான் என்ன குடிகாரனாடி?"

"குடிச்சவன்கூட ஒத்துக்குவான். கேக் தின்னவன் ஒத்துக்கமாட்டான்."

சோதனை முடிந்ததும் முழங்கால் வலிப் பொடியை வெந்நீரில் கலக்கி அவளே கொடுப்பாள். நின்றே வேலை செய்கிறவர்களைத் தேடி, பேக்கரி வாசலுக்கே வந்து ஒருவன் விற்கும் பொடி அது. 'முழுக்க மூலிகை, பக்கவிளைவு இல்லை' என்று உறையில் இருக்கும். எந்த மூலிகை என்று இருக்காது. வலியோடு நிற்கிற ஏழையிடம் எதையும் விற்கலாம், கேட்க நாதியில்லை.

"வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் கேட்டார். இல்லை என்றார்கள். பொடியை இருவருமே மருந்தாகக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒருநாள், உருண்ட முகத்தையும் கையில் கன்றியிருந்த தோலையும் பார்த்துவிட்டு வேறு மாதிரி கேட்டார்.

"நாள் பூரா நிக்கறீங்களே, முட்டி வலிக்கு என்ன பண்றீங்க?"

மனைவி பெருமையோடு பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள்.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு சந்தேகம். வலி போகும். ஆனா சர்க்கரைய ஏத்தும், புண்ண ஆறவிடாது, மூஞ்சிய இப்படி ஊதவைக்கும்."

"இன்னைக்கே சாக்கடைல கொட்டிடறேன்," என்றாள் மனைவி.

"திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தும்மா. ஒடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்ட தானா சுரக்கறத மறந்திருக்கும். அதையே அளவு தெரிஞ்ச மாத்திரையா தரேன், கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம்."

பொட்டலம் ஆய்வகத்துக்குப் போனது. சந்தேகம் சரிதான் என்று பதில் வந்தது. மாஸ்டர் அதை பேக்கரியில் சொன்னார்.

"உங்களுக்குச் சேரல, ஈஸ்ட். எங்களுக்கு அமிர்தம்," என்றான் அடுப்புக்காரன்.

அன்று மாலை செருப்பைக் கழற்றியபோது மனைவி பழக்கத்தில் அருகே வந்து, பாதியில் நின்றாள்.

"ஏன் நின்னுட்ட? பாத்துடு," என்று அவர் வாயைத் திறந்தார்.

"மூடுங்க."

மாத்திரை அட்டையை எடுத்தாள். அதன் பெயரை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகே உரித்துக் கொடுத்தாள்.