அத்தையின் ஜோடி

எந்த இடத்தைவிட்டுக் கிளம்பினாலும் என் நாத்தனார் ஒரு தரம் குனிந்து நாற்காலிகளுக்கு அடியில் பார்ப்பார். சினிமா கொட்டகை, டாக்டர் வீட்டு வராந்தா, எதுவானாலும் சரி. ஏன் என்று கேட்டால், "பழகிப்போச்சு" என்று முடித்துவிடுவார்.

பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவர் வேலை. கடைசி பிள்ளையும் இறங்கியாயிற்று என்று நினைக்கும்போது, சீட்டுக்கு அடியில் ஒன்று புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருக்கும். வேனை ஓட்டுகிறவர் அவருடைய கணவரேதான். "ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் தேடித் தேடி இறக்குவா. என்னை மட்டும் வேன்லயே விட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவா" என்பார் அவர்.

"உங்களை யாரு தூக்கிட்டுப் போகப் போறாங்க?" என்பார் நாத்தனார்.

இடுப்பில் எப்போதும் ஒரு துணி செருகியிருப்பார். மூக்கு ஒழுகுகிற முகம் எதிரே வந்தால் கை தானாகப் போய்விடும். ஒரு தடவை ஜலதோஷத்தில் இருந்த என் கணவரின் மூக்கையே பேச்சோடு பேச்சாகத் துடைத்துவிட்டார். தம்பிதான் என்றாலும் நாற்பது வயதுத் தம்பி. அவர் பாட்டுக்கு மூக்கைக் காட்டிக்கொண்டு நின்றதுதான் எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அந்தக் குடும்பத்தில் கூடப் பிறந்தவர்களே ஒரு கூட்டம். வருடத்துக்கு ஒரு தடவை, பள்ளிக்கூடம் மூடியதும், எல்லாரும் பிள்ளைகுட்டிகளோடு ஏரிக்கரைக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். பெரியவர்கள் சின்னக் கூடாரங்களில் முதுகு வலிக்கப் படுப்பார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு பெரிய கூடாரம். அதற்குப் பொறுப்பு நாத்தனார். வேறு யாரும் அந்தப் பொறுப்பைக் கேட்டதும் இல்லை, கொடுத்தால் வாங்கிக்கொள்ளப் போவதும் இல்லை.

அவர் பிள்ளைகளை எண்ணவே மாட்டார். "எண்ணிக்கை ஏமாத்தும். ஒருத்தனே ரெண்டு தரம் ஓடி வந்து நின்னா ரெண்டு பேர் ஆயிடுவான். ஜோடி ஏமாத்தாது. தன் ஜோடியைக் காணோம்னா மத்தது கத்திடும்" என்பார். அதனால் தவழும் வயசிலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி போட்டு, அதற்கு ஒரு பேரும் வைத்திருந்தார். பூட்டு சாவி. ஊசி நூல். இடி மின்னல். நகமும் சதையும். ஜோடிக்கு ஒரு பை, ஒரு டார்ச். பாய் பக்கத்துப் பக்கத்தில். ஒரு இடத்திலிருந்து கிளம்பும்போதும், திரும்பி வந்து சேர்ந்ததும் அவர் கூப்பிடுவார், அவர்கள் ஒன்றாக "இருக்கோம்!" என்று கத்துவார்கள். பேர் கூப்பிடாமல் யாரும் நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது. அதுதான் சட்டம்.

என் கணவரை நான் கட்டியது எனக்கு இரண்டாம் கல்யாணம். மகளுக்கு அப்போது ஏழு வயது. அவள் என் முதல் கணவரின் பிள்ளை. அந்த வருடம்தான் நாங்கள் இருவரும் முதன்முதலாக ஏரிக்குப் போனோம். யாரும் எங்களை ஒரு சொல் சொல்லவில்லை. பார்த்துப் பார்த்து உபசரித்தார்கள். அந்த உபசாரம்தான் எனக்குப் பயமாக இருந்தது. ஊருக்குத் திரும்பும்போது என் மகள் அந்த வீட்டுப் பிள்ளையாகத் திரும்புவாளா, விருந்தாளியாகவே திரும்புவாளா என்பதுதான் என் கவலை. வேறு எதுவும் என் மனதில் ஓடவில்லை.

போய் இறங்கிய மாலையே ஜோடி சேர்த்து நிறுத்தும் வேலை வந்தது. எல்லாப் பிள்ளைக்கும் ஜோடி இருந்தது. என் மகள் மட்டும் தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தனியாக நின்றாள். நாத்தனார் யோசிக்கக்கூட இல்லை.

"இவ என் ஜோடி. வாடி தங்கம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் பிள்ளைகள் முகத்தையும் பார்த்தேன். அத்தையோடு ஜோடி என்றால் அத்தை இருக்கிற இடத்தில் இருக்க வேண்டும். மற்றவர்கள் மரமேறும்போது என் மகள் அத்தைக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். மற்றவர்கள் கூடாரத்துக்குள் தலையணையால் அடித்துக்கொள்ளும்போது அவள் வாசலில் அத்தை பக்கத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். "எங்களோட வர்றியா?" என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, இன்னொன்று, "அவ அத்தை ஜோடிடா, அவளைக் கூப்பிடக் கூடாது" என்றது. அதில் பொல்லாப்பு எதுவும் இல்லை. சட்டம் அப்படி.

மறுநாள் நாத்தனார் பிள்ளைகளை எல்லாம் படகுத்துறைக்கு அழைத்துப் போனார். நாங்கள் கூடாரத்தண்டை உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தோம். வெயில் தாழ்ந்த நேரத்தில் கூட்டம் திரும்பி வந்தது. சின்னப் பையன் ஒருவனுக்குக் காலில் முள் ஏறியிருந்தது. நாத்தனார் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு, அவன் செருப்பை ஒரு கையிலும் தண்ணீர்க் கேனை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பூட்டு சாவி!"

"இருக்கோம்!"

"ஊசி நூல்!"

"இருக்கோம்!"

எல்லா ஜோடியும் குரல் கொடுத்தது. "சரி, கை கழுவிட்டு வாங்க" என்றார் நாத்தனார். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தில் முகம் தேடினேன். வாய் திறப்பதற்குள் ஊசி கேட்டுவிட்டாள். ஊசி என் மூத்த மைத்துனரின் மகள், பெரிய வாயாடி.

"அத்தை, உங்க ஜோடி எங்க?"

முதுகிலிருந்த பையனை அவர் இறக்கினாரா போட்டாரா என்று தெரியவில்லை. திரும்பி ஓடினார். நானும் என் கணவரும் பின்னால் ஓடினோம். பாதி வழியில் அவர் செருப்பு ஒன்று கழன்றது. நின்று எடுக்கவில்லை.

என் மகள் துறையில், படகுக்காரரின் பெஞ்சில் உட்கார்ந்து காலுறையில் ஒட்டிய முட்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"இந்தப் பாப்பாவா?" என்றார் படகுக்காரர். "அப்ப புடிச்சு இங்கதான் உக்காந்திருக்கு. எல்லாரும் போயிட்டாங்க, நீயும் போம்மான்னேன். கூப்பிட்டா போறேன்னு சொல்லிடுச்சு."

"ஏன்டி கண்ணு, கூடவே வர்றதுக்கென்ன?" என்று என் கணவர் கேட்டார்.

"எல்லாரையும் கூப்பிட்டாங்க. என்னைக் கூப்பிடல" என்றாள் மகள். "கூப்பிடாம நகரக் கூடாதுன்னு அத்தைதானே சொன்னாங்க?"

நாத்தனார் அப்படியே துறைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். தன்னைத் தானே யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வதில்லை. எல்லா ஜோடியையும் கூப்பிட்டவர் தன் ஜோடியைக் கூப்பிடவில்லை. எப்போதும் கைக்குள் இருக்கிற பிள்ளை என்று நினைத்திருக்கிறார். அன்றைக்குக் கை காலியாக இல்லை.

"ஊரான் பிள்ளை ஒண்ணைக்கூட இத்தனை வருஷத்துல நான் விட்டதில்ல. என் ஜோடியை விட்டுட்டேனே" என்றார். மூச்சு வாங்கியது.

"விடுக்கா. அதான் கிடைச்சிட்டாளே" என்றார் என் கணவர்.

"நீ சும்மா இரு. பெத்தவ பேசட்டும். திட்டுறதுன்னா திட்டட்டும்."

என்னைப் பார்த்தார். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அன்றைக்கு வந்தது.

"கோபம் இல்ல அண்ணி. ஆனா இனிமே இவளை உங்க ஜோடியா வெக்காதீங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "நம்ப மாட்டே, இல்ல?"

"ஐயோ, அதில்ல. பெரியவங்களோட இருந்தா இவ விருந்தாளிதான். பிள்ளைங்களோட விடுங்க. காணோம்னா கத்துறதுக்கு இவளுக்கும் ஒரு பிள்ளை வேணும்."

அந்த வீட்டில் அதுவரை நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. நாத்தனார் இடுப்புத் துணியை உருவி முதலில் தன் முகத்தையும் பிறகு என் மகள் மூக்கையும் துடைத்தார். அவளுக்கு மூக்கு ஒழுகவே இல்லை.

கூடாரத்துக்குத் திரும்பியதும் பிள்ளைகளைக் கூட்டினார். "நான் ஜோடி போட்டது சரியில்ல. இவளை யாரு சேத்துக்கறீங்க?"

நகம் என்ற பையன்தான், "மூணு பேர் இருந்தா ஜோடியே இல்லையே அத்தை" என்றான்.

"போடா நகம். வெட்டிப் போடுறதுக்குத்தான் நீ லாயக்கு" என்றாள் ஊசி. "எங்களோட வரட்டும். நூல் சரியான தூங்குமூஞ்சி. எனக்குப் பேச ஆளே இல்ல."

நூல், "நான் எங்கடி தூங்கறேன்?" என்று கொட்டாவி விட்டான்.

"ஆனா பேர் வேணுமே. ஊசி நூல்... பொத்தான்?"

"பொத்தான் அறுந்துடும்" என்றாள் என் மகள். வந்ததிலிருந்து பிள்ளைகளிடம் அவள் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் துணி தைத்துத் திருத்திக் கொடுக்கும் கடையில் வேலை பார்க்கிறவள். மேஜைக்கு அடியில் உட்கார்ந்தே வளர்ந்த பிள்ளை அவள். "முடிச்சுன்னு வெக்கலாம். முடிச்சு போடலேன்னா நூல் உருவிக்கிட்டு வந்துடும்."

"கேட்டியாடா நூலு? இவ இல்லேன்னா நீ அவ்ளோதான்" என்று ஊசி அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

நாத்தனார் எழுந்து நின்று, சாப்பாட்டுக்குப் போகுமுன் எல்லாரையும் கூப்பிட்டார்.

"ஊசி நூல் முடிச்சு!"

"இருக்கோம்!"

என் மகள் குரல் மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் பிந்தி வந்தது.

"சரியா கேக்கலையே" என்று நாத்தனார் இன்னொரு தரம் கூப்பிட்டார். இரண்டாவது தடவை மூன்றும் சேர்ந்து வந்தது. நான் உருளைக்கிழங்குச் சட்டியைத் திறந்து பார்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று இரவு வாசல் பக்கம் நாத்தனார் மட்டும் படுத்திருந்தார். பிள்ளைகள் கூடாரத்தில் வெகுநேரம் பேச்சுச் சத்தம் அடங்கவில்லை. "வாயை மூடுங்கடி" என்று அவர் அதட்டியது என் கூடாரம்வரை கேட்டது. அதட்டலில் என் மகளுக்கும் பங்கு இருந்தது.

இது நடந்து பத்து வருடம் ஆகிறது. நாத்தனார் முட்டி வலியால் வேன் வேலையை விட்டுவிட்டார். அவர் கணவர் இன்னும் ஓட்டுகிறார். புதிதாக வந்திருக்கிற பெண்ணுக்கு விவரம் போதாது என்று தினமும் நாத்தனாரிடம் வந்து குறை சொல்கிறார். ஏரிக்கு எல்லோரும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். ஊசி வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் வீட்டுக்குப் போன் வரும். நான் எடுத்தால், "நல்லா இருக்கீங்களா சித்தி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், "அவகிட்ட குடுங்க" என்கிறாள். கொடுத்துவிட்டு நான் என் வேலையைப் பார்க்கிறேன்.