பங்களாவின் குழாய்க்காரி

மார்கழி பிறந்தால் ஊர்ப் பெண்களெல்லாம் கோலப்பொடி வாங்குவார்கள். ஞானஜோதி பழைய சாக்கு தேடுவாள். மூணாறுக்கு மேலே, தேயிலை முடிந்து புல்மேடு தொடங்கும் உயரத்தில் இருக்கிறது அவளுடைய எஸ்டேட். ஜனவரியில் அங்கே விடியும்போது புல்லெல்லாம் உப்பு கொட்டியது போல வெள்ளையாகக் கிடக்கும். அதைப் படம் பிடிக்க ஜீப் ஏறி வருகிறவர்களுக்குக் கணக்கில்லை. குழாய் உறைந்துபோய், முகம் கழுவ வழியில்லாமல் குடத்தோடு நிற்கிற லயத்துச் சனங்களை இதுவரை ஒருத்தரும் படம் பிடித்ததில்லை.

குழாய் வேலை முதலில் அவள் புருஷன் வேல்முருகனுடையது. ஓடைத் தொட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் இறங்குகின்றன. ஒன்று விருந்தாளிகள் தங்கும் பங்களாவுக்கு, இன்னொன்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தபோது, எந்த வளைவு எந்தப் புதருக்குள் இருக்கிறது என்று தெரிந்தவள் ஞானஜோதி ஒருத்திதான். பகலில் கொழுந்து எடுத்தாள், சாயங்காலம் குழாய் பார்த்தாள்.

வேலை பார்வைக்கு எளிது, செய்து பார்த்தால்தான் பாடு தெரியும். காய்ந்த சாக்கை இறுக்கிச் சுற்ற வேண்டும். அதன்மேல் உரப்பையைக் கவிழ்த்து, பனி உள்ளே இறங்காமல் சைக்கிள் டியூபால் கட்ட வேண்டும். சாக்கு நனைந்தால் சுற்றாமல் விட்டதே மேல். இருட்டும் முன் கடைசிக் குழாயை நூல் போல ஒழுக விட வேண்டும், ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது. லயத்தில் இதுதான் பெரும்பாடு. ஒழுகுகிற குழாய் வீட்டுக்கு ஆகாது என்று யாராவது ஒரு மகராசி இறுக்கி மூடிவிடுவாள். மறுநாள் பன்னிரண்டு வீட்டுக்கும் தண்ணீர் இருக்காது, மூடியவள் பெயரும் வெளியே வராது. கடைசியில் ஞானஜோதி அந்தக் குழாயைத் தன் வீட்டு வாசலுக்கே மாற்றிக்கொண்டாள். தானே திறந்தாள், தானே மூடினாள், ஒரு நாளும் தவறியதில்லை.

ஐம்பத்தெட்டு முடிந்ததும் எஸ்டேட் அவளை ஓய்வில் அனுப்பியது. பிள்ளைகளில் ஒருவர் எஸ்டேட் வேலையில் இருந்தால்தான் லயத்து வீடு தங்கும். மகன் ஜெகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான், அங்கே ஒற்றை அறையில் நான்கு பேர். பிறந்ததும் வாழ்ந்ததும் இந்த மலையில் என்றாலும், அவள் பெயரில் ஒரு சாண் மண் எங்கேயும் கிடையாது. ஆனாலும் எஸ்டேட் மேனேஜர் பெரியதுரை, "பங்களாவுக்குக் குழாய் பார்க்க ஆள் வேணும், நீ இரு" என்றார். அப்படித்தான் இரண்டு பனிக்காலம் அந்த வீட்டில் ஓடியது. பங்களாக் குழாய்க்கு அவள் தேவைப்படுகிற வரைக்கும்தான் அந்தக் கூரை என்பது அவளுக்கும் தெரியும்.

தெரிந்தும் வாய் சும்மா இருந்ததா? பங்களா சூப்பர்வைசர் டிஜோவிடம் அவளே போய் நின்றாள். "சார், ஏசிக் குழாய்க்கு மாட்டுவாங்கள்ல, கறுப்பு ரப்பர் உறை, அத வாங்கிப் போட்டா இந்தச் சாக்குப் பாடே வேண்டாம். லயத்துக்கும் சேத்து வாங்குங்க சார்."

இரண்டு வருஷம் கேட்டாள். இந்த டிசம்பரில் வந்தது, பங்களாவுக்கு மட்டும். லயத்துக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான் டிஜோ. அதற்கும் தலையாட்டிவிட்டு, நான்கு நாள் குனிந்து நிமிர்ந்து, ஒவ்வொரு இணைப்பிலும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி மாட்டினாள். அரைகுறையாகச் செய்ய அவளுக்குக் கை வராது.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் டிஜோ ஒரு காகிதத்தை நீட்டினான். மாதக் கடைசிக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும்.

"என்ன சார் இது? குழாய யார் பாக்கிறது?"

"அக்கா, இனி பார்க்கான் ஒண்ணும் இல்லல்லோ. உறை போட்டாச்சு. நீங்க தானே சொன்னது?" டிஜோவின் தமிழில் பாதி மலையாளம். அவன் கெட்டவன் இல்லை. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உறையைக் கேட்டு வாங்கிய தன் வாயையே அவளுக்குக் கிழித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அன்று வானம் துடைத்துவிட்டது போல இருந்தது, காற்றே இல்லை. இப்படி இருந்தால் காலையில் ஐஸ் விழும் என்பது நிச்சயம். பொழுது சாய்கிற நேரத்தில் பங்களாவுக்குப் போனாள். உறை போட்ட பிறகும் வழக்கம் விடாமல் ஒழுக விட்டிருந்த தோட்டத்துக் குழாயை இரண்டு கையாலும் இறுக்கி மூடினாள். உறையட்டும். விருந்தாளிகள் கத்தட்டும். ஞானஜோதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று துரை ஒரு தடவை பார்க்கட்டும். படபடவென்று வீட்டுக்கு வந்து, விளக்குக்கூடப் போடாமல் கம்பளிக்குள் முடங்கினாள்.

விடிந்ததும் முதல் வேலையாக மேலே ஏறினாள். புல் விறைத்துக் காலடியில் நொறுங்கியது. பங்களாச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. தோட்டத்துக் குழாயைத் திருகினாள். குபுகுபுவென்று கொட்டியது தண்ணீர். அவள் ஒட்டிய டேப் ஒரு இடத்தில்கூட விட்டிருக்கவில்லை.

திரும்பி இறங்கினால், அவள் வாசலில் பதினோரு வீட்டுக் குடங்களும் வரிசையாக இருந்தன. குழாய் மூடியே கிடந்தது, மூக்கில் ஐஸ். வளைவுக்குப் பக்கத்தில் சாக்குக்கு வெளியே குழாய் விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. நேற்று அதைத் திறந்துவிட மறந்ததே அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வீட்டு முத்துமாரி கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். "இத்தன வருசத்துல ஒரு நா மறக்கலையே மதினி. நேத்து எங்க போன?"

"பங்களாவுக்கு" என்றாள் ஞானஜோதி.