அமெரிக்கக் காருக்கு வயர் போட்டது

பெரியமாமா எதையும் விற்பதற்காகத்தான் வாங்குவார். வாங்கிய பிறகு அதன்மேல் அவருக்கே ஆசை வந்துவிடும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, குச்சவெளிப் பக்கம் ஒரு கொட்டிலில் பல வருடம் கிடந்த அமெரிக்கக் கார் ஒன்றை லொறியில் ஏற்றி வந்து, துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்த அப்பாவின் பட்டறையில் இறக்கினார். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, எட்டுச் சிலிண்டர் இயந்திரம். மூதூருக்குப் போக வள்ளத்துக்குக் காத்திருந்தவர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஊர் வீதிகளில் திரியும் மான்கள் மட்டும்தான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா வாகனங்களுக்கு வயர் வேலை செய்பவர். இயந்திரத்தை ஒருவரும் பெயின்ற் வேலையை இன்னொருவரும் பார்த்துக்கொள்ள, வயர் அப்பாவின் பங்காக வந்தது. கொட்டிலில் கிடந்த காலத்தில் எலிகள் உள்ளே குடியிருந்து பாதி வயரைத் தின்றிருந்தன. மிச்சத்தைத் தொட்டால் மேலுறை பொடியாக உதிர்ந்தது.

பதிலுக்கு என்ன வயர் போடுவது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது. அந்தக் காருக்கென்றே கட்டி விற்கும் முழு வயர்க்கட்டை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கலாம். கப்பலில் வர நாலு மாதமாகும், மாமாவுக்கு நாலு நாளும் பொறுக்காது. உடைத்த ஜப்பான் வான் ஒன்றின் வயரைக் கழற்றிப் பூட்டலாம் என்று மாமா சொன்னார். அது மெல்லியது, இந்தக் காருக்குத் தாங்காது என்று அப்பா மறுத்துவிட்டார். புது வயர் வாங்கி நாங்களே கட்டுவதுதான் மிஞ்சியது. அப்படியென்றால் முழுக்க வெள்ளை வயராக எடுத்து, ஒவ்வொரு நுனியிலும் இலக்கம் எழுதி ஒட்டிச் செய்யலாம் என்றார் அப்பா. வேலை சுத்தமாக இருக்கும், பிறகு திருத்த வருபவருக்கும் சுகம் என்று, வழமைக்கு மாறாக, இரண்டு தரம் எடுத்துச் சொன்னார்.

மாமா கேட்கவில்லை. கொழும்பில் காரை வாங்க இருந்தவர் வரைபடம் ஒன்று கொடுத்தனுப்பியிருந்தார். முதன்முதல் அந்தக் காரில் எந்த இடத்தில் எந்த நிறமோ, அப்படியே இருக்கவேண்டுமாம்.

"அவர் பொனற்றைத் திறந்து முதல்ல வயரைத்தான் பாப்பார், மச்சான். எல்லாம் வெள்ளையா இருந்தா வேண்டாம் எண்டு போயிடுவார்."

அப்பா வரைபடத்தை வாங்கி மடித்தார். பிறகு, "ஓம், பாப்பம்," என்றார்.

அன்றிலிருந்து ரியூசன் முடிந்ததும் நான் நேரே பட்டறைக்கு வரவேண்டும் என்றாகிவிட்டது. அப்பா ஒரு வயரைத் தூக்கிப் பிடித்து என்ன நிறம் என்று கேட்பார். நான் சொல்வேன். அவர் வரைபடத்தைப் பார்த்து அதைப் பூட்டுவார். பிறகு அடுத்த வயர். தகரக் கூரைக்குக் கீழே வெக்கை தாங்காது. நான் படிக்கிறேனா என்று சோதிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் நிறம் கேட்பது எனக்கு அவமானமாக இருந்தது.

அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும் என்று அம்மா எனக்குச் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு. கலியாணத்துக்கு முன் துறைமுகத்தில் வேலைக்குப் போனவரைக் கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மற்ற வாகனங்களில், எந்த வயரில் மின்சாரம் வருகிறது என்று சின்ன விளக்கொன்றை வைத்துப் பார்த்தே வேலையை முடித்துவிடுவார். எல்லா வயரையும் புதிதாக, அதுவும் நிறம் பார்த்துப் போடும் வேலை அதுவரை அவருக்கு வந்ததில்லை. வயர் வேலைக்காரருக்கு நிறம் தெரியாது என்று ஊரில் கதை வந்தால் யார் வாகனம் கொண்டுவருவார்கள்? மாமாவுக்குக்கூட அவர் சொல்லவில்லை.

வயர் வேலை தொடங்கிய மூன்றாவது கிழமை பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓடவிட்டார்கள். அன்று பின்னேரம் கால் இரண்டும் உளைய, கழற்றி வைத்திருந்த பின்சீற்றில் முகம் பதித்துப் படுத்துக் கிடந்தேன். காருக்குள் மல்லாந்து கிடந்த அப்பாவின் கை மட்டும் வெளியே நீண்டது.

"பிள்ளை, இது என்ன நிறம்?"

"பச்சை," என்றேன். கண்ணைத் திறக்கவில்லை.

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

"பச்சைதான் அப்பா."

கை உள்ளே போனது.

அடுத்த நாள் சனிக்கிழமை. கொழும்புக்காரர் கந்தளாய் தாண்டிவிட்டார் என்று காதில் போனோடு மாமா அவசரப்பட்டார். ஒவ்வொரு வயராகச் சோதித்துவிட்டுத்தான் பற்றரி பூட்டவேண்டும் என்று அப்பா சொல்லச் சொல்ல, அதற்கு நேரமில்லை என்று மாமாவே பூட்டினார். ஸ்ரியறிங்குக்குக் கீழிருந்து புகை கிளம்பியது. அப்பா பாய்ந்து பற்றரி வயரை வெறுங்கையால் பிடுங்கினார். அதற்குள் முன்பலகையின் புது உறை உருகி வழிந்துவிட்டது. அவருடைய உள்ளங்கையும் வெந்துபோயிருந்தது.

பச்சை வயர் இருக்கவேண்டிய இடத்தில், பாதி எரிந்து சிவப்பு வயர் ஒன்று தொங்கியது. அதை முதலில் கண்டது நான். அடுத்ததாக மாமா.

"சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே, மச்சான், சிவப்பும் பச்சையும்."

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. "என்ர பிழைதான். அவசரத்தில மாத்திப் பூட்டிட்டன்," என்றார்.

நான் பட்டறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கொழும்பிலிருந்து வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு காரைச் சுற்றிப் பார்த்தார். கொடுத்த சோடாவில் பாதியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அப்பா கையில் துணி சுற்றிக்கொண்டு வெள்ளை வயர் வாங்கி, இலக்கம் எழுதி, தனியே இருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தார். கார் அருமையாக ஓடியது. குருநாகலில் இருந்து வந்த ஒருவர் குறைந்த விலைக்குக் கொண்டுபோனார். மாமா கன காலம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அப்பாவுக்குக் கண் மங்கிப் போச்சு என்று அவர் எங்கேயோ சொல்லியிருக்கவேண்டும். பட்டறைக்கு வான்கள் வருவது குறைந்து, ஓட்டோக்களும் சைக்கிள் டைனமோக்களும் வரத் தொடங்கின.

அதற்குப் பிறகு அப்பா என்னிடம் நிறம் கேட்கவே இல்லை. ஒரு பின்னேரம் நானாகவே புத்தகப் பையோடு பட்டறை வாசலில் போய் நின்றேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "இஞ்ச வேலை ஒண்டுமில்லை. நீங்கள் போய் விளையாடுங்கோ," என்றார். எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. கடற்கரைக்கு ஒரே ஓட்டமாக ஓடினேன். பிழை என்னுடையது என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. எதைக் கொடுத்து அப்பா அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டார் என்பதுதான் அப்போது தெரியவில்லை.