தலையணை உயரத்தில் ஒரு காற்றாலை

சம்மதம் வாங்குவதே ஒருவருடைய வேலை என்றால், எதிரில் இருப்பவர் மாட்டேன் என்று சொல்வதை அவரால் மனதாரப் பொறுத்துக்கொள்ள முடியுமா? ஊரார் ‘படக்காரம்மா’ என்று கூப்பிட்ட அந்தப் பெண்மணியை நினைக்கும்போதெல்லாம் தையல்காரிக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரும். தையல்காரி லேசில் யாரையும் மெச்சுகிறவள் அல்ல. தான் தைத்த சட்டையிலேயே நொட்டை கண்டுபிடிப்பவள்.

படக்காரம்மா முன்பு ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முகத்தை வெளுப்பாக்கித் தரச் சொன்னால் மட்டும் காது கேட்காது. “உன் கையால ஒருத்தனாவது அழகாயிருக்கானா?” என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வாராம். பிறகு, ஊருக்கு வெளியே மேட்டில் காற்றாலை அமைக்க வந்த நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்தது. வீடு வீடாகப் போய் வாசலிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் படம் எடுப்பார். இன்னும் எழும்பாத காற்றாலைகளை, அவை நிற்கப்போகிற இடத்தில், கண்ணுக்குத் தெரியப்போகிற அளவில் கணினி அந்தப் படத்துக்குள் நிறுத்திச் சுழலவும் விடும். வீட்டார் டேப்லெட்டில் பார்த்துவிட்டுச் சம்மதம் என்றோ இல்லை என்றோ அழுத்தலாம்.

“எங்க மாமியார் வீட்ட இது மறைக்குமா?” என்றாள் பக்கத்து வீட்டு மருமகள்.

“அவ்வளவு பெருசு இன்னும் யாரும் செய்யலம்மா,” என்றார் படக்காரம்மா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

தையல்காரிக்குக் காற்றாலை வேண்டும். கரண்ட் போனால் அவளுடைய மெஷின் நின்றுவிடும். அந்த வீட்டை ஓட்டுவதே அந்த மெஷின்தான். லாரி மெக்கானிக்கான அவள் கணவர் முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். படுக்கையறை ஜன்னலில் எடுத்த படத்தில், எதிர்வீட்டு மாடிச் சுவருக்கும் ஜன்னலின் மேல்விளிம்புக்கும் நடுவே வெள்ளையாக ஒரு துண்டுக் கம்பம் தெரிந்தது, அவ்வளவுதான். தையல்காரி சம்மதம் என்று அழுத்தியே விட்டாள்.

“இங்க காட்டு,” என்றார் மெக்கானிக். வெகுநேரம் பார்த்தார். “இது யாரு பாத்தது?”

“உங்க ஜன்னல்தான் அண்ணே.”

“ஜன்னல் என்னோடதுதான். கண்ணு உங்களோடது. நான் எந்திரிச்சு நின்னே வருஷக்கணக்காச்சு.”

படக்காரம்மா கட்டிலருகே மண்டியிட்டார். மெக்கானிக்கின் தலையணையில் அவர் காதோரமாகக் கேமராவை வைத்து மறுபடி எடுத்தார். டேப்லெட்டில் நின்றவர் கண்ணுக்கு என்று வைத்திருந்த உயரத்தைக் குறைத்து அந்தப் படத்தைத் திறந்தார். சுவருக்கு மேலே மெக்கானிக்குக் கிடைத்திருந்த வானம் முழுவதையும் மூன்று இறக்கைகள் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தன. அவரால் தலையைத் திருப்பவும் முடியாது.

வாசல்வரை கூடவே வந்த தையல்காரி குரலைத் தாழ்த்தினாள். “ஏம்மா, பழைய படமே இருக்கட்டுமே. ஊரே சரின்னுடுச்சு. அவரு எதையும் சீக்கிரம் பழகிக்குவாரு.”

“பழகிக்குவாரான்னு அவரையே கேளுங்கக்கா.”

தையல்காரி கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் பள்ளிக்கூட ஹாலில் ஊர்க்கூட்டம். காற்றாலை நிறுவனத்தின் என்ஜினியரைக் கெட்டவர் என்று சொல்லமுடியாது; அன்று களைத்துப்போயிருந்தார். “ஒரு கட்டிலுக்காக ஒரு கோபுரத்த நகர்த்தச் சொல்றீங்களா மேடம்? ஏற்கெனவே நாள் தள்ளிப்போயிடுச்சு.”

“நகர்த்தச் சொல்லல சார். மறைக்காமக் காட்டலாம்னு சொல்றேன்.”

காட்டினார். திரையில் அந்த இறக்கைகள் சுழன்றதும் ஒரு கிழவர் எழுந்து, “அப்ப நான் நாள் முழுக்க உக்காந்திருக்கிற நாற்காலியிலேருந்தும் எடும்மா,” என்றார். அதோடு ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கினார்கள். கூட்டம் தள்ளிப்போனது. என்ஜினியர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

படக்காரம்மா தெருத்தெருவாக முதலிலிருந்து தொடங்கினார். அடுப்படித் தரை, கடைக் கல்லா, குழந்தையின் தொட்டில் என்று மனிதர்கள் மெய்யாகவே இருக்கிற இடங்களில் உட்கார்ந்தும் குனிந்தும் எடுத்தார். சம்மதம் சொன்ன சிலர் பின்வாங்கினார்கள். அதையும் அப்படியே பதிந்துகொண்டார். முன்பு மறுத்த சிலர், “இவ்வளவுதானா? இதுக்கா சண்டை போட்டோம்!” என்றார்கள். படத்தை நம்பலாம் என்ற எண்ணம் ஊருக்குள் வந்த பிறகு என்ஜினியரே கணினி முன் உட்கார்ந்து, மெக்கானிக்கின் ஜன்னலை மறித்த கோபுரத்தை மேட்டின் மறுசரிவுக்குத் தள்ளினார். அங்கிருந்து அது யார் வானத்தில் எவ்வளவு தெரியும் என்பதற்கும் படங்கள் வந்தன.

இரண்டாம் கூட்டத்தில் காற்றாலை வேண்டும் என்பவர்களை முதலில் கை தூக்கச் சொன்னார்கள். வீட்டுக்கொரு கை. மெக்கானிக் வீட்டிலிருந்தபடியே வீடியோ காலில், போன் திரையில் கையைத் தூக்கினார். தையல்காரி அந்தப் போனை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள். ஹாலில் பெரும்பாலான கைகள் எழுந்தன. திட்டத்துக்குச் சம்மதம் கிடைத்தது.

படக்காரம்மாவும் அந்த ஊர்க்காரர்தான். அவர் வீட்டுக்கும் ஒரு கை உண்டு. வேண்டும் என்பவர்களை எண்ணியபோது என்ஜினியர் அவரையே பார்த்தார். வேண்டாம் என்ற சிலரை எண்ணியபோது தையல்காரி அவரையே பார்த்தாள். இரண்டு முறையும் படக்காரம்மா டேப்லெட்டை இரு கைகளாலும் நெஞ்சோடு பிடித்தபடி திரைக்குப் பக்கத்தில் நின்றார்.

பின்னொருநாள் படக்காரம்மாவுக்கு ரவிக்கை அளவெடுக்கும்போது தையல்காரி கேட்டேவிட்டாள்: “அன்னிக்கு ஏன் கைய தூக்கல?”

“கழுத்து கொஞ்சம் இறக்கமா இருக்கட்டும்க்கா,” என்றார் படக்காரம்மா, காது கேட்காதவர்போல.