ரொட்டி மெஷின் ஓய்வெடுத்த காலை

ஆஸ்திரேலியாவின் பிண்டாரா ஊரில் நெவில் ட்ரெஸ்காட்டைத் தெரியாதவர் யாருமில்லை. பாதிப் பேரைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி இறக்கியவன் அவன்தான். மீதிப் பேரைத் தீயணைப்புப் படையின் கேப்டன் என்ற முறையில் திட்டித் தீர்த்தவனும் அவன்தான். சம்பளமில்லாத பதவி. ஆனால் அந்த வெள்ளை ஹெல்மெட்டைத் தலையில் வைத்துவிட்டால் நெவில் ஒரு சாண் உயர்ந்துவிடுவான். இருக்கிற உயரம் கொஞ்சம் என்பதால் அவனுக்கு அது பெரிய விஷயம்.

அவனுக்கென்று ஒரு கேள்வி உண்டு. பேஜர் அலறியதும் பயிரில் நிற்பவர், குளியலறையில் நிற்பவர் எல்லோரும் போட்டது போட்டபடி ஸ்டேஷனுக்கு ஓடி வருவார்கள். வண்டிப் படியில் நெவில் நிற்பான். "வீட்டுல எல்லாத்தையும் அணைச்சுட்டியா?" என்று ஒவ்வொருவரையும் கேட்பான். பதில் சொல்ல ஒரு நொடி தயங்கினாலும் போச்சு, இறக்கிவிடுவான். இப்படித்தான் ஒரு கிறிஸ்துமஸ் சமயம், அடுப்பில் சாசேஜைப் போட்டுவிட்டு வந்த கெல்வினை ஊர் பார்க்க இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். கெல்வின் அவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அன்றைக்கு வாங்கிய அவமானத்தை அவன் மறக்கவில்லை. இந்த வருஷம் கேப்டன் தேர்தலில் அவனே எதிர்த்து நிற்கிறான் என்று பேச்சு.

இவ்வளவு கறாரான மனிதனுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. காப்பிக் கொட்டை வறுப்பது.

கடையில் வறுத்த காப்பி கிடைக்காதா என்றால் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஒரு முறை மெல்போர்னில் யாரோ வீட்டிலேயே வறுத்துக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தான், அத்தோடு தொலைந்தது. முதலில் பாப்கார்ன் மெஷினில் வறுத்தான். அது உருகிப் படுத்தது. பிறகு நாயின் சாப்பாட்டுக் கிண்ணத்தில் கொட்டைகளைப் போட்டு, பழைய பெயின்ட் உரிக்கிற ஹீட் கன்னை ஒரு கையில் பிடித்து, மறு கையால் மரக் கரண்டியைச் சுழற்றினான். நாய் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. கடைசியில் மனைவி காரலின் ரொட்டி மெஷின் கண்ணில் பட்டது. மாவு பிசையும் மெஷின்தானே, கொட்டையையும் பிசையட்டும் என்று அதைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். காரல் தேவாலயத்தில் பாடும் மைக் ஸ்டாண்டும் பின்னாலேயே போனது. அதில் ஹீட் கன்னைத் தலைகீழாகக் கட்டி, மெஷினின் வாய்க்குள் அனல் காற்றை ஊதவிட்டான். கொட்டை ஆறுவதற்கு வாக்யூம் கிளீனர் மேல் வடிதட்டு.

"என் வீட்டுல ஒரு சாமானாவது அது அது வேலையைப் பாக்குதா?" என்றாள் காரல்.

"பாக்குதே, கெட்டில்."

"அதுமேல கை வெச்சே, நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

காரல் டீ கட்சி. பச்சைக்கிளி படம் போட்ட தன் கோப்பையில் டீயைத் தவிர வேறெதையும் ஊற்ற விடமாட்டாள். தீயணைப்பு வண்டி வெளியே போனால் ஸ்டேஷனில் இருந்து அதோடு ரேடியோவில் பேசுவது அவள்தான். அங்கேயும் அந்தக் கோப்பையைக் கையோடு கொண்டு போவாள். படையில் மற்றவர்களோ டப்பாவில் வரும் காப்பித்தூளே போதும் என்கிற ஜாதி. நெவில் தன் காப்பியை நீட்டினால் "பிரமாதம், நெவ்" என்று சொல்லிவிட்டு, அவன் திரும்பியதும் ஜன்னலோரச் செடித் தொட்டியில் கவிழ்ப்பார்கள். அந்தச் செடி மட்டும் ஊரில் எங்கேயும் இல்லாத செழிப்பு.

ரொட்டி மெஷினிடம் ஒரு கெட்ட குணம். கொஞ்ச நேரம் பிசைந்ததும், மாவு பொங்கட்டும் என்று தானாக நின்று ஓய்வெடுக்கும். உள்ளே இருப்பது மாவில்லை என்று அதற்கு யார் சொல்வது? கொட்டைகள் அசையாமல் கிடக்க, மேலே ஹீட் கன் ஒரே இடத்தில் ஊதிக்கொண்டிருக்கும். அதனால் பக்கத்திலேயே நின்று, மெஷின் ஓய்வெடுக்கப் போகும் சமயம் பார்த்து அணைத்து மறுபடி போட வேண்டும். நெவில் இதில் ஒருநாளும் தவறியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரை.

அன்று சாயங்காலம் தேர்தல். எல்லோருக்கும் புதுக் காப்பி போட்டு மனசை மாற்றிவிடலாம் என்று, வழக்கத்தைவிடக் கறுப்பாக வறுத்துக்கொண்டிருந்தான். கொட்டைகள் இரண்டாம் தடவை படபடவென்று வெடிக்கத் தொடங்கின. நீலப் புகை கொட்டகைக் கதவு வழியாக மேகம் மேகமாகப் போனது. பக்கத்து வீட்டுக்கு மெல்போர்னிலிருந்து புதிதாகக் குடிவந்த பெண் அதைப் பார்த்தாள். பாவம், அவளுக்கு நெவிலின் கிறுக்கு தெரியாது. நல்ல பிள்ளையாகத் தீயணைப்புக்கு போன் போட்டுவிட்டாள்.

நெவிலின் இடுப்பில் பேஜர் அலறியது. மூக்குக் கண்ணாடி முழுக்க, வறுபடும்போது உதிர்ந்து பறக்கும் காப்பித் தோல் ஒட்டியிருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். குவாரி ரோடு, கொட்டகையில் புகை. நம்பர் சரியாகத் தெரியவில்லை. குவாரி ரோடு என்ன சின்ன ரோடா? அந்தக் கோடியில் எவனோ குப்பையைக் கொளுத்தியிருப்பான், அறிவு கெட்டவன் என்று திட்டிக்கொண்டே ஓடினான். இத்தனை வருஷப் பழக்கம், பேஜர் கத்தினால் கால் தானாக ஓடும். பின்னால் கொட்டகையில் மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஸ்டேஷனில் வண்டிப் படியில் நின்று வழக்கம்போல எல்லோரையும் கேட்டான். கெல்வினை மட்டும் இரண்டு தடவை கேட்டான்.

"அணைச்சுட்டேன்டா! வேணும்னா எங்கம்மா கல்லறை மேல சத்தியம் பண்ணவா?" என்று கத்திவிட்டு கெல்வின் ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

கேப்டனைக் கேட்க யாரும் இல்லை.

பாதி தூரம் போனதும் கெல்வின் கேட்டான். "நெவ், குவாரி ரோடு பதினாலு யாரு வீடு?"

நெவில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டுப் பேஜரை மறுபடி பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"எந்த வீடுன்னு சொல்லுடா, வளைவு வருது!"

"என் வீடு" என்றான் நெவில். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. கெல்வின் அவர்களுக்காக இன்னொரு முறை உரக்கச் சொன்னான்.

சும்மா சொல்லக் கூடாது, போன் வந்தபோது அங்கே தீ என்று எதுவும் இல்லை, வெறும் புகை. தீயை அணைக்க நெவில் கிளம்பிப் போனதால்தான் தீயே பிடித்தது. அவன் தெருமுனை தாண்டியபோது மெஷின் மாவு பொங்கட்டும் என்று நின்றிருக்கிறது. அடுத்த நிமிஷம் காப்பித் தோல் பற்றி, மூடி பற்றி, மைக் ஸ்டாண்டு வரை ஏறிவிட்டது.

வண்டி போய் நின்றபோது காரல் கேட்டில் கைகட்டி நின்றாள். பிளக்கைப் பிடுங்கி, வாசலில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டரை எடுத்து அடித்து அணைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து காத்திருந்தாள். இருபது வருஷமாக ஊருக்கு நெவில் சொல்லிக்கொடுத்தது அத்தனையையும் ஒன்று விடாமல் செய்திருந்தாள்.

முறைப்படி கேட்க வேண்டுமே என்று கெல்வின் கேட்டான். "உள்ளே யாராவது இருக்காங்களா, காரல்?"

"உள்ள யாருமில்ல. வீட்டுக்காரன் உங்க வண்டியிலதான் வந்து இறங்கறான்."

எல்லோரும் சிரித்தார்கள். கெல்வின் சிரிப்பை அடக்க முடியாமல் டயரில் சாய்ந்துகொண்டான். நெவில் ஹெல்மெட்டைக் கழற்றி, உள்ளே ஏதோ தேடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனாலும் சாயங்காலக் கூட்டத்துக்கு வந்தான். போன வாரம் வறுத்து வைத்த கொட்டையை எடுத்துவந்து, ஸ்டேஷன் அடுப்பில் காப்பி போட்டு எல்லோர் முன்னாலும் வைத்தான். காரலின் கிளிக் கோப்பையிலும் அவள் பார்க்காத நேரம் ஊற்றிவிட்டான். இன்னொரு பாத்திரத்தையும் அடுப்பில் ஏற்றினான். தோற்கப் போகிறோம் என்று தெரியும். கெல்வினிடம் தோற்பதைத்தான் மனசு ஏற்கவில்லை.

கெல்வின் எழுந்தான். "நான் நிக்கல" என்றான். "இவனைக் கேலி பண்ணவே எனக்கு ஆயுசு பத்தாது, அப்புறம் எங்க கேப்டன் வேலை பாக்கறது? காலையில தீயை அணைச்சது யாரு? நாமளா? காரலை நிறுத்துறேன்."

"ஐயோ, எனக்கு வெள்ளை நிறமே எடுக்காது" என்றாள் காரல்.

கைகள் மளமளவென்று உயர்ந்தன. நெவில் சுற்றிலும் பார்த்தான். கடைசியாக அவன் கையும் உயர்ந்தது. ஹெல்மெட்டை அவனே எடுத்துக் கொடுத்தான். அது காரலுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது, அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது.

கை தட்டி முடிப்பதற்குள் எல்லா இடுப்பிலும் பேஜர் கத்தியது. ஆற்றுப் பக்கம் புல் தீ. நாற்காலிகள் உருண்டன. காரல் வண்டிப் படியில் ஏறி நின்றாள். வந்தவர்களையெல்லாம் கேட்டாள். நெவிலின் முறை வந்தது.

"எல்லாத்தையும் அணைச்சுட்டியா, நெவ்?"

அவனை இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. அணைத்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான். அடுப்பில் இரண்டாம் பாத்திரம் கொதிக்கும் சத்தம் உள்ளேயிருந்து கேட்டது.

"இறங்கு" என்றாள் காரல்.

வண்டி அவனில்லாமல் போயிற்று. கெல்வின் போகிற போக்கில் ஹாரனை இரண்டு முறை அடித்தான்.

நெவில் உள்ளே போய் அடுப்பை அணைத்தான். மேஜைமேல் கோப்பைகள் வரிசையாக இருந்தன, எல்லாம் நிறைய நிறைய, ஒன்றில்கூட வாய் வைத்திருக்கவில்லை. செடித் தொட்டிக்குக் கொண்டுபோகக்கூட நேரமில்லை அவர்களுக்கு. ரேடியோவுக்கு யாராவது வேண்டுமே என்று காரலின் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். எதிரே கிளிக் கோப்பை. எடுத்துப் பார்த்தான். அடியில் கொஞ்சம் காப்பி மண்டிதான் மிச்சம் இருந்தது.

ரேடியோ கரகரத்தது. "ஸ்டேஷன், அடுப்பு?"

"அணைச்சாச்சு, கேப்டன்." காலிக் கோப்பையைக் கையில் உருட்டினான். "காரல்... காப்பி எப்படி இருந்துச்சு?"

வெறும் இரைச்சல். சைரன் சத்தம். யாரோ சிரிக்கும் சத்தம்.

"ரேடியோவுல அதெல்லாம் கேக்கக் கூடாது" என்றாள் காரல். "நாங்க திரும்பி வர்றப்போ சூடா இருக்கட்டும். பக்கத்துலயே நில்லு."